கிருஷ்ணகிரியிலிருந்து சான்சிபாருக்கு: கடற்கரைக்கு முன் கல்நகரம்

சான்சிபார் என்றவுடன் நம் ஊர்ப் பயண முகவர்கள் எடுத்துக் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: வெண்மணல், தெளிந்த நீர், சாய்ந்த தென்னை, தேனிலவுக்கு வந்த ஒரு தம்பதி. அந்தக் கடற்கரை உண்மையானதுதான் என்றாலும், அதற்காக மட்டும் இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. அத்தீவின் மேற்குக் கரையில், ஸ்வாஹிலி மக்களும் ஓமானிய அரபுகளும் கட்ச், குஜராத் வணிகர்களும் பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு எழுப்பிய ஸ்டோன் டவுன் என்னும் பழைய நகரம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த நகரத்தை நிதானமாகப் பார்ப்பதற்குத்தான் இந்தச் செலவு தகும் என்பது என் கருத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்திலிருந்து ஒரு வார விடுமுறையில் குடும்பத்தோடு போக எண்ணுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த வழிகாட்டியில், முதல் மூன்று நாட்களை நகரத்துக்கும், அடுத்த இரண்டைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும், மிச்சத்தைக் கடலுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

சான்சிபார் தனி நாடு அன்று. 1963 டிசம்பரில் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, 1964 ஜனவரிப் புரட்சியில் சுல்தானின் ஆட்சி வீழ்ந்தபின், அதே ஆண்டு ஏப்ரலில் எதிர்க் கரையிலிருந்த தங்கனீக்கா என்ற நாட்டோடு இணைந்தது. அந்த இணைப்பில் பிறந்ததே டான்சானியா. தனக்கென ஓர் அதிபரையும் சட்டமன்றத்தையும் கொண்ட தன்னாட்சிப் பகுதியாக அது இன்றும் இருக்கிறது. நாம் சான்சிபார் என்று பேச்சில் குறிப்பிடும் தீவின் பெயர் உங்குஜா. அதற்கு வடக்கே பெம்பா என்ற இன்னொரு பெரிய தீவும் உண்டு.

எந்த மாதத்தில் போவது

நம் பள்ளிகளின் முழு ஆண்டு விடுமுறை சான்சிபாருக்குப் பொருந்தாது. மார்ச் நடுவில் தொடங்கி மே முடிய அங்கே ‘மசிகா’ எனப்படும் பெருமழைக் காலம். முகவர்கள் ஏப்ரலில் தரும் கவர்ச்சியான சலுகைக்குக் காரணம் அதுதான். ஜூன் முதல் அக்டோபர் முதல் வாரங்கள் வரை மழை குறைவு, வெயிலும் மிதம். ஆகவே காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஆயுதபூஜையும் அடுத்தடுத்து வரும் நாட்களே நம் குடும்பங்களுக்கு மிகவும் ஏற்றவை. நவம்பரை ஒட்டி ‘வுலி’ என்னும் சிறுமழை வந்து போகும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பொங்கலை ஒட்டிய ஜனவரியில் புழுக்கம் அதிகம் என்றாலும் வானம் தெளிவாக இருக்கும். நம் தோட்டங்களில் மாமரங்கள் பூவெடுத்து நிற்கும் அந்த நாட்களில் அங்கே சந்தையில் மாம்பழம் குவிந்து கிடப்பதைப் பார்ப்பது கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு தனி வேடிக்கை.

தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ரமலான் மாதத்தில் பகலில் பெரும்பாலான சிறு உணவகங்கள் மூடியிருக்கும், பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் மரியாதைக் குறைவாகக் கருதப்படும். அந்த மாதம் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகரும் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் பொதுத்தேர்தல் நடக்கும். அந்த வாரங்களில் பதற்றம் ஏற்பட்ட வரலாறு உண்டு என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

விசா, காப்பீடு, ஊசி

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். டான்சானியாவின் குடிவரவுத் துறை நடத்தும் அரசு இணையதளத்தில் மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 50 அமெரிக்க டாலர். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும் என்பதால், முகவரி அரசுடையதுதானா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுவது நிம்மதி.

விசா தவிர, 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபாருக்குள் நுழையும் வெளிநாட்டினர் அனைவரும் சான்சிபார் அரசின் காப்பீட்டுக் கழகம் வழங்கும் பயணக் காப்பீட்டை வாங்கியாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 44 டாலர். இங்கே நாம் எடுத்துவைத்திருக்கும் காப்பீடு எவ்வளவு பெரிய தொகைக்கானதாக இருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. இரண்டையும் சேர்த்துத்தான் வரவுசெலவு போட வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிப் பலருக்குக் குழப்பம் உண்டு. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆனால் அந்நோய் உள்ள நாடு ஒன்றின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டுப் போனால் கேட்பார்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்த வகையைச் சேர்ந்தவை, நமக்கு வசதியான விமானங்களில் சில அவ்வழியே செல்கின்றன. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் சுகாதார அலுவலர்கள் இதைச் சோதிப்பார்கள் என்பதால், ஆப்பிரிக்க நகரம் ஒன்றில் மாறிச் செல்பவர்கள் ஊசி போட்டுக்கொள்வதே சரி. சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டிலும் பெங்களூரிலும் அதற்கான மையங்கள் இருக்கின்றன. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். மலேரியா தீவில் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஒழிந்துவிடவில்லை. கொசுவிரட்டிக் களிம்போடு போங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

பெட்டி கட்டும்போது ஒரு சிறு எச்சரிக்கை. டான்சானியா முழுவதும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 முதல் தடை. சான்சிபாரில் அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய புடவைகளையும், கேரி பேக்கில் கட்டிய இட்லிப் பொடியையும் துணிப்பைக்கும் டப்பாவுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். அங்குள்ள மின்செருகி தடித்த சதுர முனைகள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை என்பதால் ஓர் அடாப்டரும் தேவைப்படும்.

பெங்களூரு வழியே

கிருஷ்ணகிரியிலிருந்து கெம்பேகவுடா விமான நிலையம் 120 கிலோமீட்டருக்கு மேல். தூரம் பெரிதில்லை, ஆனால் விமான நிலையம் நகரத்தின் வடக்கே இருப்பதால் ஓசூர் சாலையில் நுழைந்து பெங்களூரைக் குறுக்காகக் கடக்க வேண்டும், அந்தப் பகுதிக்குத்தான் நேரம் பிடிக்கும். தருமபுரியிலிருந்து வருபவர்கள் அதிகாலை விமானம் என்றால் முந்தைய இரவே அத்திப்பள்ளியைத் தாண்டிவிடுவது நல்லது. தனி வண்டி வேண்டாம் என்பவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி வாயு வஜ்ரா என்னும் விமான நிலையப் பேருந்தைப் பிடிக்கலாம்.

பெங்களூரிலிருந்து அடிஸ் அபாபா, தோஹா, துபாய், மஸ்கட் போன்ற ஊர் ஒன்றில் விமானம் மாறிச் சான்சிபாரில் இறங்கலாம். இன்னொரு வழி, மும்பையிலிருந்து டார் எஸ் சலாமுக்குப் பறந்து, அங்கிருந்து விரைவுப் படகில் சுமார் இரண்டு மணி நேரத்தில் தீவை அடைவது. இரண்டில் ஒரு வழிக்காவது படகில் பயணம் செய்யுங்கள் என்பேன். கடல் வழியாக வருபவர்களின் கண்ணில் படுவதற்காகவே கட்டப்பட்ட முகப்பு அது: கோட்டைச் சுவர், சுல்தான்களின் அரண்மனை வரிசை, பள்ளிவாசல் மினார், புனித யோசேப்பு தேவாலயத்தின் இரட்டைக் கூம்புகள் எல்லாம் படகு நெருங்க நெருங்க ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும்.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ளுங்கள். அதோடு இன்னொன்று: ஸ்வாஹிலி பேசுபவர்கள் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவார்கள், நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. வண்டிக்காரர் ‘இரண்டு மணிக்கு வருகிறேன்’ என்றால் அவர் சொல்வது காலை எட்டா, பிற்பகல் இரண்டா என்று கேட்டு உறுதி செய்யாமல் அனுப்பிவிடாதீர்கள்.

டாலரை எடுத்துப் போய் அங்கே ஷில்லிங்காக மாற்றிக்கொள்வது வசதி. ஒரு ரூபாய்க்குச் சுமார் 30 டான்சானிய ஷில்லிங் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கிழிந்த, கசங்கிய, பழைய அச்சு டாலர் நோட்டுகளை வாங்க மறுப்பார்கள். ஏடிஎம் ஸ்டோன் டவுனில் கிடைக்கும், கிழக்குக் கடற்கரைக் கிராமங்களில் அரிது.

போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு

இந்த நகரத்தைக் கட்டியது காற்று என்றே சொல்லலாம். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று அரேபியாவிலிருந்தும் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்தும் பாய்மரக் கலங்களைத் தள்ளிக்கொண்டு வரும். காற்று திசை மாறித் தென்கிழக்கிலிருந்து வீசும் வரை அவை திரும்ப முடியாது. அப்படி மாதக்கணக்கில் காத்திருந்த மாலுமிகளும் வணிகர்களும் உள்ளூர்க் குடும்பங்களோடு கலந்து வாழ்ந்த நூற்றாண்டுகளில்தான் பாண்டு எனப்படும் ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தின் அடித்தளத்தில் அரபுச் சொற்கள் நிறைந்த ஸ்வாஹிலியும், அதைப் பேசும் கடற்கரை நாகரிகமும் திரண்டன. தீவின் தெற்கு முனையிலுள்ள கிசிம்காசிப் பள்ளிவாசலில் 1107ஆம் ஆண்டைச் சேர்ந்த கூஃபி எனப்படும் பழைய அரபு எழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து இந்த உறவின் பழமையை ஊகித்துக்கொள்ளலாம்.

போர்ச்சுக்கீசியர் சுமார் இரண்டு நூற்றாண்டுகள் ஆதிக்கம் செலுத்தினர். 1698இல் இன்றைய கென்யக் கரையிலுள்ள மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையை ஓமானியர் கைப்பற்றியதோடு அது முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் சையித் சயீத் தம் தலைநகரையே மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு மாற்றினார். கிராம்பு, யானைத் தந்தம், அடிமைகள் ஆகிய மூன்றும் அவர் அரசின் வருவாயாக இருந்தன. துறைமுகத்தின் சுங்க வசூலைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியது கட்ச் நாட்டு ஜெய்ராம் சிவ்ஜியின் நிறுவனம். அரபுத் தோட்டக்காரர்களுக்கும் உள்நாட்டுக்குப் போகும் வணிகக் கூட்டங்களுக்கும் கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சான்சிபாரின் செழிப்பில் இந்தியர் பங்கு என்று பெருமையாகப் பேசும்போது, அந்தச் செழிப்பு எதன் மீது நின்றது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

1890இல் தீவு பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. 1896 ஆகஸ்ட் 27 அன்று, பிரிட்டனின் ஒப்புதலின்றி அரியணை ஏறிய காலித் பின் பர்காஷின் அரண்மனையைப் பிரிட்டிஷ் கப்பல்கள் குண்டு வீசித் தகர்த்தன. சுமார் 40 நிமிடங்களில் முடிந்துபோன அந்தச் சண்டை, வரலாற்றில் பதிவான மிகச் சிறிய போர் எனப்படுகிறது.

கல்நகரத்தில் நடப்பது

தங்கும் இடத்தை ஸ்டோன் டவுனுக்குள்ளேயே பாருங்கள். விமான நிலையம் ஏழு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, ஆனால் கார் சந்துகளுக்குள் நுழையாது. முனையில் இறங்கிப் பெட்டியைக் கையிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுபோக வேண்டும். பழைய வணிகர் வீடுகளை விடுதிகளாக மாற்றியிருப்பதால் படிகள் செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. வயதான பெற்றோரோடு போகிறவர்கள் முதல் மாடி அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறை நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம்: தளத்தைத் தாங்கும் சதுப்புநில மரக் கழிகள் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம்.

சந்துகளில் வழி தவறும், தவறட்டும். நகரத்தின் பழைய பகுதி ஏறத்தாழ முக்கோண வடிவில் கடலுக்குள் நீண்டிருக்கிறது, கிழக்கு எல்லையில் கிரீக் சாலை என்று இன்றும் மக்கள் அழைக்கும் பெருஞ்சாலை ஓடுகிறது. எந்தத் திசையில் நடந்தாலும் கால் மணி நேரத்தில் ஒன்று கடல் வரும், அல்லது அந்தச் சாலை வரும். கைப்பேசி வரைபடத்தைவிட இந்த விதி நம்பகமானது. ‘பாபாசி’ என்று உள்ளூர்க்காரர்களே எரிச்சலோடு குறிப்பிடும் இடைத்தரகர்கள் வழி காட்டுகிறேன் என்று கூடவே வருவார்கள். கோபப்படாமல், நிற்காமல், ‘ஹபானா, அசாந்தே’ என்று வேண்டாம் என்பதையும் நன்றியையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நடந்தால் போதும். முதல் நாள் காலையில் மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்ல செலவு.

உடை விஷயத்தில் நம் பெண்களுக்குச் சிக்கலே இல்லை, சேலையும் சுடிதாரும் அங்கே கண்ணியமான உடைகள்தாம். அரைக்கால் சட்டையோடு அலையும் நம் ஆண்கள்தாம் அதைக் கடற்கரைக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். நகரத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருப்பது முறை. வயதில் மூத்தவர்களைக் கண்டால் ‘ஷிகாமூ’ என்று வணங்குவது அங்கே வழக்கம், அவர்கள் ‘மராஹபா’ என்று ஏற்றுக்கொள்வார்கள். சுற்றுலாப் பயணிகளிடம் எல்லோரும் சொல்லும் ‘ஜாம்போ’வைவிட இந்த ஒரு சொல் அதிகமாகக் கதவுகளைத் திறக்கும்.

அந்தக் கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது முதலில் கதவைச் செய்து நிறுத்திவிட்டுப் பிறகுதான் சுவரை எழுப்புவார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஏதேனும் ஒரு பெரிய கதவின் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். நிலையைச் சுற்றிச் சங்கிலி வடிவம் ஒன்று ஓடும். அடிப்பகுதியில் மீன் செதில்கள் அல்லது தாமரை, அங்கிருந்து கொடி மேலேறி, உத்தரத்தில் பூக்களாக விரியும். சில உத்தரங்களில் அரபு எழுத்தில் திருமறை வாசகமும் ஆண்டும் இருக்கும். மேல் விளிம்பு நேராக இருந்தால் பழைய ஓமானிய பாணி, அரைவட்ட வளைவாக இருந்தால் பிற்காலத்து இந்தியச் செல்வாக்கு என்று ஓரளவுக்கு இனம் பிரிக்கலாம். கூர்மையான பித்தளைக் குமிழ்கள் பதித்த கனத்த கதவுகள் குஜராத்தி மரபு. யானை முட்டாதிருக்க இந்தியாவில் தோன்றிய ஏற்பாடு அது என்பார்கள். யானையே இல்லாத தீவில் அது அலங்காரமாக மட்டும் நிற்கிறது, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிக்கு அதன் தேவை இன்னும் நன்றாகப் புரியும்.

வீட்டு முகப்பை ஒட்டி ‘பராசா’ எனப்படும் கல் திண்ணை ஓடும். மாலையில் ஆண்கள் அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ‘ஜாஸ் கார்னர்’ என்ற சிறு நாற்சந்தியில் சின்னக் கோப்பையில் பால் சேர்க்காத கடுங்காப்பி கிடைக்கும். அரசியல் பேச்சு சூடு பிடிக்கும் இடம் அது, கேட்டுக்கொண்டிருக்கலாம், கருத்துச் சொல்லப் போக வேண்டாம். 1964 புரட்சியில் அரபுகளும் இந்தியர்களும் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டும் நாட்டை விட்டு ஓடியும் போன நினைவு பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை.

கடற்கரை வரிசையில் பார்க்க வேண்டியவற்றில் ‘அதிசய மாளிகை’ என்னும் பைத் அல் அஜாயிப் முதன்மையானது. சுல்தான் பர்காஷ் 1883இல் கட்டிய, மின்விளக்கும் லிஃப்டும் கண்ட அந்த மாளிகையின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. அதன்பின் சீரமைப்புப் பணி தொடங்கியது, ஆகவே வெளியிலிருந்து பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். பக்கத்திலுள்ள பழைய கோட்டையைப் போர்ச்சுக்கீசியரின் தேவாலயம் இருந்த இடத்தில் ஓமானியர் கட்டினார்கள். வடக்கே சற்று நடந்தால் மரவேலைப்பாடு நிறைந்த மாடங்களோடு பழைய மருந்தகம் நிற்கிறது. கட்ச்சிலிருந்து வந்து பெருஞ்செல்வரான தாரியா தோப்பன் 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்காக அடிக்கல் நாட்டிய அக்கட்டடம், அவர் மறைவுக்குப் பின் 1894இல் முடிந்தது. முகப்பை நிமிர்ந்து பார்த்தால் மேற்கு இந்தியாவின் தச்சர் கையை உடனே அடையாளம் காணலாம். பாடகர் ஃப்ரெடி மெர்குரி 1946இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்ததும் இவ்வூரில்தான், அவருக்கு ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் பாட்டில் ஈடுபாடு இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். அதைவிடத் தாரப் என்னும் இக்கடற்கரையின் இசை நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு வாருங்கள். அந்த இசையை ஸ்வாஹிலியில் பாடிப் புகழ்பெற்ற சித்தி பின்த் சாத் 1928இல் பம்பாய்க்கு வந்து இசைத்தட்டுகளில் பாடினார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், அதில் வரும் வயலினும் தப்லாவும் அந்நியமாகத் தோன்றாது.

அடிமைச் சந்தை இருந்த இடம்

இதற்கு ஒரு முழுக் காலை நேரத்தைக் கொடுங்கள், கூட்டம் வருவதற்கு முன் போங்கள். பிரிட்டிஷ் தூதர் ஜான் கிர்க்கின் அழுத்தத்தால் சுல்தான் பர்காஷ் 1873 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு சந்தை மூடப்பட்டது. அந்த இடத்தில் அதே ஆண்டில் ஆங்கிலிக்கன் தேவாலயம் எழத் தொடங்கியது. அடிமைகளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்த மரம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் இருக்கிறது என்று சொல்கிறார்கள், தரையில் சிவப்பு வளையத்தோடு ஒரு வட்டக் கல் அதைக் குறிக்கிறது. அடிமை வணிகத்தை எதிர்த்த ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனின் இதயம் புதைக்கப்பட்ட இடத்திலிருந்த மரத்தால் செய்த சிலுவையும் உள்ளே உண்டு. சந்தையை மூடியதோடு அடிமைமுறை முடிந்துவிடவில்லை, சட்டப்படி அது ஒழிந்தது 1897இல்தான்.

வளாகத்தில் ஒரு கண்காட்சிக் கூடமும், அடிமைகளை அடைத்து வைத்ததாகக் காட்டப்படும் நிலவறைகளும் இருக்கின்றன. நிலவறையில் நிமிர்ந்து நிற்க இயலாது, இரு புறமும் கல் மேடை, நடுவில் ஒரு பள்ளம், வெளிச்சத்துக்குச் சன்னலென்று சொல்ல முடியாத ஒரு கீற்று. வெளியே, தரையில் தோண்டிய பள்ளத்துக்குள் கழுத்தில் சங்கிலி பிணைத்த மனித உருவங்கள் நிற்கின்றன. சுவீடன் நாட்டுச் சிற்பி கிளாரா சோர்னாஸ் 1998இல் செய்தவை. குழந்தைகளுக்கு முந்தைய நாளே இதைப் பற்றி எடுத்துச் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சிற்பங்களின் முன்னே நின்று கைப்படம் எடுப்பவர்களை அங்கே பார்ப்பீர்கள். தயவுசெய்து நீங்கள் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் 1904இல் கட்டிய தாராஜானிச் சந்தை. மீன், பலா, மரவள்ளி, மசாலா எல்லாம் ஒரே கூரையின் கீழும் அதைச் சுற்றியும் விற்கும். ‘தலதலா’ சிற்றுந்துகள் எங்கிருந்து கிளம்பும் என்பதையும் அங்கே கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

சாப்பாடு

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த பயறு, கீரை, சப்பாத்தி, மரவள்ளிக் கிழங்கு ஆகியவை எங்கும் கிடைக்கும். ‘உகாலி’ என்னும் மக்காச்சோள மாவு உணவு நம் ராகிக் களியைப் போலவே கையால் உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டியது. தருமபுரிக்காரர்களுக்கு அதை உண்ணும் முறையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். மீன் குழம்பில் வெந்ததா என்பதை மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள், இறைச்சி இல்லை என்றால் மீன் இருக்கலாம் என்றே பலர் பொருள் கொள்வார்கள்.

கட்டாயம் உண்ண வேண்டியது ‘உரோஜோ’. மஞ்சளும் மாங்காய்ப் புளிப்பும் சேர்த்துக் காய்ச்சிய இளம் கூழ் போன்ற குழம்பில் வெந்த உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பஜ்ஜியையும் போட்டு, மேலே தேங்காய்ச் சட்னியும் மிளகாய்ச் சாந்தும் ஊற்றி, மரவள்ளி வறுவலை நொறுக்கித் தூவிக் கொடுப்பார்கள். முட்டையும் இறைச்சியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். பிற்பகலில் சந்துக் கடைகளில் நின்றபடியே உண்பது வழக்கம். மாலையில் கடற்கரையிலுள்ள ஃபொரோதானிப் பூங்காவில் விளக்குகளின் கீழ் தீனிக் கடைகள் வரிசையாக வந்துவிடும். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழியும் கரும்புச் சாறு அருமை. சான்சிபார் பீட்சா எனப்படுவது மெல்லியதாக இழுத்த மாவில் முட்டை, வெங்காயம் முதலியவற்றை வைத்து மடித்துக் கல்லில் சுடும் பண்டம், கண்முன்னே சுடுவதால் நம்பி உண்ணலாம். நெடுநேரம் அடுக்கி வைத்திருக்கும் கடல் உணவுக் குச்சிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதை வாங்கினாலும் விலையைக் கேட்டுவிட்டுக் கையில் வாங்குங்கள். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்.

கிராம்புத் தோட்டமும் காடும்

‘ஸ்பைஸ் டூர்’ என்று அரைநாள் அழைத்துப் போவார்கள். மஞ்சள் கிழங்கைத் தோண்டிக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்கும்போது ஐரோப்பியர்கள் வியப்பார்கள், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் என்ன செய்வது? ஆகவே புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் கிராம்பு, சாதிக்காய், வனிலா ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடச் சொல்லுங்கள். கிராம்பு என்பது விரியாத மொட்டு. இளஞ்சிவப்பு ஏறும் தருணத்தில் மரத்தில் ஏறிக் கையால் கொத்தாகப் பறித்து, காம்பிலிருந்து பிரித்து, பாயில் பரப்பி வெயிலில் கறுக்கும் வரை காய வைக்க வேண்டும். அறுவடை மாதங்களில் தோட்டத்துச் சாலையோரமெல்லாம் அந்த மணம்தான். சையித் சயீத் ஒரு தென்னைக்கு மூன்று கிராம்புக் கன்று என்று நட ஆணையிட்டாராம். 1872இல் அடித்த புயல் உங்குஜாவின் மரங்களை வீழ்த்திவிட, பெம்பா தப்பியது, இன்றும் பெரும்பகுதி விளைச்சல் அங்கிருந்துதான். இந்தியா கிராம்பை இறக்குமதி செய்யும் நாடுகளில் டான்சானியாவும் ஒன்று. கிடிச்சியில் சையித் சயீத் தம் பாரசீக மனைவிக்காக 1850இல் கட்டிய குளியல் மாளிகையையும் அதே சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள ஜொசானிக் காட்டில், உலகில் இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே வாழும் சிவப்புக் கோலோபஸ் குரங்குகள் இருக்கின்றன. மா, நாட்டு வாதுமை இலைகளைத் தின்றுவிட்டு அவற்றின் நச்சை முறிக்க அடுப்புக்கரியைத் தேடித் தின்னும் விசித்திரப் பழக்கம் அவற்றுக்கு உண்டு. எதையும் ஊட்ட வேண்டாம், தள்ளி நின்றே பாருங்கள். கிசிம்காசியில் டால்பின்களைப் படகில் துரத்தும் விளையாட்டை நான் விரும்பவில்லை. அந்த ஊருக்குப் பழைய பள்ளிவாசலுக்காகவே போகலாம். சாங்குவு தீவில் 1919இல் செஷெல்சிலிருந்து வந்த அல்டாப்ரா என்னும் இனத்துப் பேராமைகளின் வழித்தோன்றல்கள் இருக்கின்றன, சிறுவர்களுக்குப் பிடிக்கும். அத்தீவுக்குச் சிறைத்தீவு என்றும் பெயர் இருந்தாலும் அங்கே கட்டிய சிறை சிறையாகப் பயன்படவில்லை, நோய்த் தடுப்பு முகாமாகத்தான் இயங்கியது. பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி: சென்னை ஐஐடி 2023இல் வெளிநாட்டில் தொடங்கிய முதல் வளாகம் இந்தத் தீவில்தான் இருக்கிறது.

கடைசியில் கடல்

நீந்த வேண்டும் என்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா. கிழக்கே பாஜே, ஜாம்பியானி அழகாக இருந்தாலும், ஓதம் இறங்கும்போது கடல் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிடும். விளம்பரப் படத்தை நம்பிப் போய்ச் சேற்று வெளியைப் பார்த்து ஏமாறாமலிருக்க ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அந்த வெளியில் பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்ப்பதைப் பார்க்கலாம். அவர்கள் கயிறுகளை மிதிக்காமல், கேட்ட பிறகே படம் எடுத்து, கடல் முள்ளெலிகளுக்காகக் காலில் ரப்பர் செருப்போடு நடக்க வேண்டும். நுங்வியில் மரக்கலம் கட்டும் தச்சர்களின் பட்டறையும் கரையிலேயே இருக்கிறது.

வாங்கி வருவதற்கு ஏற்றது ‘கங்கா’ துணி. இரட்டையாக விற்கும் அந்த அச்சுத்துணியின் ஓரத்தில் ஸ்வாஹிலியில் ஒரு வாசகம் இருக்கும், சில குத்தலாகவும் இருக்கும் என்பதால் அம்மாவுக்கோ மாமியாருக்கோ எடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் பொருளைக் கேட்டுவிடுங்கள். கிராம்பும் சாதிக்காயும் சந்தையில் சிறு பொட்டலங்களாக, வீட்டுக்குத் தேவையான அளவு வாங்கினால் போதும். கிராம்பு வணிகம் அங்கே அரசின் கையில் இருப்பதால் மூட்டைக் கணக்கில் கொண்டுவர எண்ண வேண்டாம். சங்கு, பவளம், ஆமை ஓட்டுப் பொருட்களை யார் விற்றாலும் வாங்காதீர்கள்; கன்று, விதை, பச்சைப் பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், எத்தனை அருமையான மாங்கொட்டையாக இருந்தாலும். மஞ்சள் காய்ச்சல் அட்டை இருப்பவர்கள் அதைச் சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்துக்கொண்டால், பெங்களூரில் இறங்கியதும் சுகாதார மேசையில் காட்டிவிட்டு ஓசூர் வண்டியைப் பிடிக்கலாம்.